வெறும் போசி

என் வீட்டுக்காரர் குடிக்க ஆரம்பித்துவிட்டார் என்று எனக்குச் சந்தேகம் வந்தபோது, அவர் சீட்டாட்டத்தை விட்டு ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. ஒரு சனியனைத் தலை முழுகிவிட்டு மூச்சு விடுவதற்குள் அடுத்த சனியனா என்று எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

குற்றம் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். துணியை வெட்டுவதற்கும் தைப்பதற்கும் இப்போது இயந்திரக் கைகள் வந்துவிட்டன. ஓட்டை, கறை, தையல் பிசகு எல்லாவற்றையும் கேமராவே பார்த்துவிடுகிறது. கேமராவுக்கும் டிமிக்கி கொடுத்துவிட்டு வருகிற பீஸ்களுக்காக எங்களை மாதிரி நாலு பேரை வைத்திருக்கிறார்கள். பிசகு தெரிந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கிவிட வேண்டும். இத்தனை வருஷம் இதையே செய்ததில் வீட்டுக்கு வந்தாலும் கண் சும்மா இருப்பதில்லை. சட்னியில், மகள் நேத்ரா தலை வாரியிருக்கிற லட்சணத்தில், வந்த விருந்தாளியின் பேச்சில் என்று மனசுக்குள் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டே இருப்பேன். என் கண்ணில் அவர் மட்டும் படாமல் போய்விடுவாரா?

அவர் பெயர் யுவராஜ். கட்டிங் மாஸ்டர். பொழுது சாய்கிற நேரத்தில்தான் அவருக்கு அது வரும். நாக்கு வறண்டுவிடும். உதட்டை நக்கிக்கொண்டே இருப்பார். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தும் தாகம் அடங்காது. கை லேசாக நடுங்கும். சித்த நேரம் காற்றாட நின்றுவிட்டு வருகிறேன் என்று மொட்டை மாடிக்குப் போவார். இறங்கி வரும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். முகம் மூட்டை தூக்கியவன் முகம் மாதிரி களைத்துக் கிடக்கும்.

இந்த லட்சணங்களை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. என் அப்பா குடிகாரர். விளக்கு வைக்கிற நேரத்தில் அவர் நாக்கு வறளுவதையும், அம்மா அடுப்படியிலிருந்து அதைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி திரும்பிக்கொள்வதையும் பார்த்து வளர்ந்தவள் நான். ஈரல் கெட்டு அவர் போய்ச் சேர்ந்தபோது நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். யுவராஜ் என்னைப் பெண் பார்க்க வந்தபோது நான் கேட்ட ஒரே கேள்வி, குடிப்பீங்களா என்பதுதான். அந்த வாசமே ஆகாதுங்க என்றார். அது பொய்யில்லை. கல்யாண வீடுகளில்கூடப் பந்தலுக்குப் பின்னால் கும்பல் கூடுகிற பக்கம் அவர் போக மாட்டார்.

குடிக்காத மனுஷனைக் கட்டிக்கொண்டோம் என்று நிம்மதியாக இருந்த என் வீட்டுக்குள் சீட்டு வேறு வாசல் வழியாக வந்தது. வேலைக்காக எல்லோரும் போட்டுக்கொள்கிற அதே கண்ணாடிதான். அதைப் போட்டுக்கொண்டால் எதிரே காற்றில் சீட்டு விரியும். போட்டிருப்பவருக்கு மட்டும்தான் தெரியும். பக்கத்தில் நிற்கிற எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் விரல்கள்தான். காற்றில் எதையோ எடுத்து எங்கேயோ சொருகிக்கொண்டிருக்கும். சாப்பிடும்போது இடது கை விரல் ஆடும். நேத்ராவின் சீருக்கு வந்த ஒறம்பரைச் சொந்தங்களை வாசலில் நின்று கும்பிட்டு வரவேற்றார் பாருங்கள், அந்தக் கும்பிட்ட கையிலும் விரல்கள் சீட்டு அடுக்கின. என் பெரியம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மாப்பிள்ளைக்கு நரம்புத் தளர்ச்சியா கண்ணு என்று கேட்டார். ஆமாம் பெரியம்மா, வைத்தியம் பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது?

கடைசியில் அது கட்டிங் மேஜைக்கே வந்துவிட்டது. பெரியவர்களுக்கான டீஷர்ட்டுக்கு விரித்த துணியைக் குழந்தை அளவுக்கு வெட்டும்படி இயந்திரத்துக்குச் சொல்லிவிட்டு, அவர் பாட்டுக்குக் காற்றில் சீட்டு எடுத்துக்கொண்டு நின்றிருக்கிறார். ஒரு ஆர்டர் முழுவதும் சின்னப் பிள்ளைச் சட்டையாகப் போனது. முதலாளி திட்டவில்லை. வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்க மாஸ்டர் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு வந்து உட்கார்ந்தவர், என்னால முடியல கோகிலா, என்னை எங்கியாவது கூட்டிட்டுப் போ என்று குழந்தை மாதிரி அழுதார். நேத்ரா அவரோடு பேசுவதை அதற்கு முன்பே நிறுத்திவிட்டிருந்தாள்.

அப்படித்தான் கோயமுத்தூரில் உள்ள அந்த ஆராய்ச்சி மையத்துக்குப் போனோம். சூதாலும் போதையாலும் சீரழிகிறவர்களை எப்படி மீட்பது என்று ஆராய்கிற இடம். டாக்டர் பெனிட்டா நாகர்கோவில்காரர். எதற்கும் குரலை உயர்த்தாதவர். நான் சண்டைக்குத் தயாராகப் போயிருந்தேன், ஆனால் அவரோடு சண்டை போட ஒரு பிடியும் கிடைக்கவில்லை.

"தவிப்புங்கறது அலை மாதிரி," என்றார். "ஏறும், உச்சிக்குப் போகும், அப்புறம் தானாவே இறங்கிடும். அந்த உச்சியிலதான் மனுஷன் தோத்துப் போறான். அந்த உச்சியில பாதியை வெட்டி இன்னொருத்தர் தலைக்குள்ள இறக்கி வச்சுட்டா, மீதியை இவரால தாங்கிக்க முடியும். அதைத்தான் நாங்க பண்றோம்."

"அந்த இன்னொருத்தருக்குச் சீட்டாடத் தோணாதுங்களா?"

"சீட்டையே தொடாத ஆளாப் பார்த்துத்தான் இணைப்போம். அவங்களுக்கு ஒரு பரபரப்பு வரும், கை சும்மா இருக்காது. ஆனா அது எதைக் கேக்குதுன்னு அவங்களுக்குத் தெரியாது. விலாசம் எழுதாத தபால் அது. கஷ்டமா இருக்கும். ஆனா எங்கயும் கூட்டிட்டுப் போகாது."

எங்களுக்குச் சொந்தமா பந்தமா, முன்பின் தெரியாத ஒருவர் எதற்காக அந்தக் கஷ்டத்தை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று கேட்டேன். சம்மதித்துத்தான் வருகிறார்கள் என்றார் டாக்டர். அதற்கு மேல் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் தெரிந்துகொள்ளக் கூடாது என்பது அங்கே விதி. இன்னொரு விதியும் உண்டு. உள்ளுக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி யுவராஜ் வீட்டில் வாய் திறக்கக் கூடாது. வீட்டு மனுஷர்கள் சொல்வதும் கேட்பதும் கலந்துவிட்டால், கருவி என்ன செய்தது, வீடு என்ன செய்தது என்று பிரித்துப் பார்க்க முடியாதாம். பொட்டு அளவுக்கு ஒரு வில்லையை அவர் காதுக்குப் பின்னால் ஒட்டி அனுப்பினார்கள்.

நான் நம்பவில்லை. ஆனால் சில நாட்களிலேயே, சாப்பிட்டுக்கொண்டிருந்தவரின் இடது கை காற்றில் எழும்பிப் பாதியில் நின்றதைப் பார்த்தேன். விரல்கள் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தன. பிறகு இறங்கித் தொடைமேல் படுத்துக்கொண்டன. அவர் ரசம் ஊற்றச் சொன்னார். போகப் போக, கையை நீட்டினால் எதற்காக நீட்டுகிறார் என்று தெரிகிற மனுஷராக ஆனார். பழைய கம்பெனியிலேயே திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். நேத்ரா ஒரு நாள் கணக்கில் சந்தேகம் கேட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நான் அடுப்படியிலேயே நின்று அழுது தீர்த்தேன்.

எனக்குக் கோயில் குளம் அதிகம் கிடையாது. ஆனால் அந்த முகம் தெரியாத ஆளை நினைத்துக் கும்பிடாத நாள் இல்லை. எங்கேயோ ஒருவர் காரணம் தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார். என் வீட்டில் என் புருஷன் நிம்மதியாகச் சோறு சாப்பிடுகிறார். இதை எப்படிச் சும்மா வாங்கிக்கொண்டு இருப்பது?

போசி என்றால் எங்கள் பக்கம் பாத்திரம். பிடி வைத்துத் தூக்கிக்கொண்டு போகிறதைத் தூக்குப்போசி என்போம். பக்கத்து வீட்டிலிருந்து போசியில் ஏதாவது வந்தால், அதை வெறுமனே திருப்பித் தருகிற பழக்கம் என் வீட்டில் இல்லை. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கை சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பேன். கல்யாணமான புதிதில் யுவராஜ் ஒரு தடவை பக்கத்து வீட்டுப் போசியைக் கழுவி வெறுமனே கொடுத்துவிட்டு வந்து, என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது அவருக்கு இன்னும் ஞாபகம் இருக்கும்.

டாக்டரிடம் கெஞ்சினேன். பேரும் வேண்டாம், ஊரும் வேண்டாம், எழுத்தும் வேண்டாம், ஒரு போசி சாப்பாடு மட்டும் சேர்த்துவிடுங்கள் என்றேன். ரொம்ப யோசித்து ஒத்துக்கொண்டார். யுவராஜ் பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் எங்கள் பக்கத்து அரிசிம்பருப்புச் சாதம் செய்து, நெய் ஊற்றித் தூக்குப்போசியில் கொடுத்தனுப்பினேன். அடுத்த தடவை போசி திரும்பியது. திறந்து பார்த்தால் உள்ளே ஒரு கொத்துக் கறிவேப்பிலை, அப்போதுதான் பறித்த மாதிரி. இன்னொரு தடவை நார்த்தங்காய். இன்னொரு தடவை மணத்தக்காளி வற்றல். அந்த ஆளுக்கும் வெறும் போசியைத் திருப்பித் தரத் தெரியவில்லை. போசியின் விளிம்பைச் சரியாகத் தேய்க்கவில்லை என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டினேனே தவிர, மனசெல்லாம் குளிர்ந்துவிட்டது.

இப்படி இருக்கும்போதுதான் என் வீட்டுக்காரருக்குப் பொழுது சாய்கிற நேரத்துத் தாகம் ஆரம்பித்தது.

நான் முதலில் சர்க்கரை வியாதியோ என்று நினைத்தேன். ரத்தம் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. கை நடுக்கத்தைப் பார்த்ததும் அப்பா ஞாபகம் வந்தது. ஒரு நாள் மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். திடீரென்று யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி நிமிர்ந்தார். அப்புறம் தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு விசும்பினார். என்னைப் பார்த்ததும் கண்ணில் தூசி என்றார். என் அப்பாவும் குடித்துவிட்டு வந்து இப்படித்தான் உட்கார்ந்து அழுவார்.

அந்த வாரம் போசியும் வெறுமனே திரும்பி வந்தது. விளிம்பெல்லாம் பளபளவென்று தேய்த்திருந்தது, ஆனால் உள்ளே ஒன்றும் இல்லை. நான் ஏற்கனவே எரிந்துகொண்டிருந்தவள். இவ்வளவுதானா இந்த ஆளின் மரியாதை என்று முணுமுணுத்துக்கொண்டே போசியைத் தூக்கிப் பரண்மேல் போட்டேன். அதற்கப்புறம் ஒன்றும் அனுப்பவில்லை.

என் தம்பி லாரி ஆபீஸில் இருக்கிறான். டிரைவர்கள் ஊதிப் பார்க்கிற கருவி ஒன்றை அவனிடம் வாங்கி வந்து அவர் முன்னால் நீட்டினேன். மறுபேச்சுப் பேசாமல் ஊதினார். பூஜ்யம் காட்டியது. கேமராவுக்கே டிமிக்கி கொடுக்கிற பீஸ்களைப் பார்த்த எனக்கு ஒரு கருவி சொல்கிற பூஜ்யம் எம்மாத்திரம்? குடிக்காதவருக்கு எதற்கு இந்த நடுக்கம் என்று கேட்டேன்.

"நான் குடிக்கல கோகிலா. அதுக்கு மேல எங்கிட்டக் கேக்காத."

இந்த ‘கேக்காத’தான் என்னைக் கொளுத்திவிட்டது. சீட்டு நாட்களிலும் இதே வார்த்தையைத்தான் சொன்னார். இன்னொரு குடிகாரன் வீட்டில் என் மகள் வளர வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகிறேன், திரும்பி வர மாட்டேன் என்று சொன்னேன். அவருக்குத் தெரியும், நான் மிரட்டுவதற்காக எதையும் சொல்வதில்லை.

"டாக்டரம்மாவை ஒருக்காப் பாத்துட்டுப் போ," என்றார்.

மறுநாளே லீவு போட்டுவிட்டுக் கோயமுத்தூருக்குப் பஸ் ஏறினேன். டாக்டர் பெனிட்டா நான் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு யுவராஜுக்குப் போன் போட்டு, விதியை மீறலாமா என்று சம்மதம் கேட்டார். சொல்லிருங்க மேடம் என்று அவர் குரல் எனக்கும் கேட்டது. அந்தக் குரலில் இருந்த அலுப்பு என்னை என்னவோ செய்தது.

"உங்க வீட்டுக்காரர் குடிக்கல, கோகிலா," என்றார் டாக்டர். "குடியை விடப் பாடுபடற ஒருத்தரோட தாகத்தைச் சுமக்கறார்."

எனக்குச் சட்டென்று ஒன்றும் புரியவில்லை. டாக்டர் நிதானமாகச் சொன்னார். யுவராஜின் தவிப்பைச் சுமந்தவர் வெளியிலிருந்து வந்த மகாத்மா யாரும் இல்லை. அவரும் இதே மையத்துக்குக் குடியை விட வந்தவர்தான். சீட்டே தொடாதவர் என்பதால் இவருடைய சீட்டுத் தவிப்பைச் சுமக்க ஒத்துக்கொண்டார். ஆனால் அவருடைய தாகத்தைச் சுமக்க ஆள் இல்லை. குடியின் வாசமே ஆகாத ஒருவர் வேண்டும்.

"உங்க வீட்டுக்காரர்கிட்டக் கேட்டேன். அவசரமில்லை, வீட்டுக்குப் போய் யோசிச்சுட்டுச் சொல்லுங்கன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. எங்க வீட்ல வெறும் போசியைத் திருப்பிக் குடுக்கற பழக்கம் இல்லீங்கன்னார். எனக்கு முதல்ல அர்த்தம் விளங்கலை."

எனக்கு விளங்கியது. நான் ஒரு சாதாரணப் பாத்திரத்துக்காகப் போட்ட சண்டையை இந்த மனுஷன் இத்தனை வருஷம் எங்கே வைத்திருந்தார்? மேஜைமேல் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தேன்.

அவர் மாடியில் அழுததைப் பற்றிக் கேட்டேன். தாங்கிக்கொண்டால் தவிப்பு மெல்ல மெல்லத்தான் இறங்கும் என்றார் டாக்டர். குடித்துவிட்டால் குழாயை மூடின மாதிரி சட்டென்று நின்றுவிடும். சுமக்கிறவருக்கு அது தெரிந்துவிடும். அன்றைக்குச் சட்டென்று நின்றிருக்கிறது.

"அந்த வாரம்தானுங்களே போசி வெறுமனே வந்துச்சு?"

"ஆமா. ரொம்ப நேரம் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவினாங்களாம். போட்டுக் குடுக்க எனக்கு என்ன அருகதை இருக்கு டாக்டர்னு அப்படியே நீட்டினாங்க."

"அதுக்கப்புறம் நான் ஒன்னுமே அனுப்பலீங்க. ஏன்னு கேட்டாங்களா?"

"கேக்கலை. இனி வராதுன்னு மட்டும் சொன்னாங்க."

என்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து ஜன்னலுக்குப் போனேன். டாக்டர் என் முதுகைப் பார்த்தே பேசினார். அந்த ஆள் அவரிடம் அடிக்கடி ஒன்று கேட்பாராம். என் தாகத்தைச் சுமக்கிறது அவங்க, நான்தானே நன்றி சொல்லணும், அவங்க எதுக்கு எனக்குச் சோறு குடுத்து விடறாங்க என்று.

"அதெப்படீங்க? எங்களுக்காகத்தானே அவங்களும் கஷ்டப்படறாங்க?"

டாக்டர் வந்து என் பக்கத்தில் நின்றார்.

"உங்க வீட்டுக்காரர்கிட்ட இருந்து அவங்களுக்கு ஒன்னும் போறதில்லை, கோகிலா. போய் மாசக்கணக்காச்சு. அவருக்குச் சீட்டு ஆசை அடங்கிடுச்சு. அந்த வில்லையே அவருக்கு இனித் தேவையில்லை. கழட்டிடலாம்னு நானே சொன்னேன். அப்ப அவங்க தாகத்தை யார் சுமப்பாங்கன்னு கேட்டார். வேற ஆள் தேடணும், நாளாகும்னேன். அப்ப இருக்கட்டும் மேடம்னு எந்திரிச்சுப் போயிட்டார்."

இதில் என் வீட்டுக்காரருக்கு ஆபத்து ஒன்றும் இல்லையே என்று கேட்டேன். பொய் சொல்லியிருக்கலாம், டாக்டர் சொல்லவில்லை. நாளாக நாளாக அந்தத் தாகம் தன் விலாசத்தைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளுமா என்று யாருக்கும் தெரியாது, அதைத் தெரிந்துகொள்ளத்தான் ஆராய்ச்சியே என்றார். என் வீட்டுக்காரி கழட்டச் சொன்னால் கழட்டிவிடுவேன் என்று யுவராஜ் அவரிடம் முன்பே சொல்லியிருக்கிறாராம். கோகிலா குடிகாரரின் மகள், அவள் பயந்தால் அதை நான் மீற மாட்டேன் என்றாராம்.

திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய். என் புருஷன் நாக்கில் அந்தத் தாகம் உட்கார்ந்திருக்கிறது. நான் ஒரு வார்த்தை சொன்னால் நாளைக்கே போய்விடும். அவிநாசி தாண்டியதும் வெயில் இறங்கி ரோடெல்லாம் மஞ்சளாகக் கிடந்தது. அப்பா இந்த நேரத்தில் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடப்பார். ஒரு நாளாவது குடிக்காமல் இருக்க அவர் பாடுபட்டிருக்கிறார் என்பது இப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த நடை அதுதான். வாசல்வரை போய்ப் போய்த் திரும்பி வந்திருக்கிறார். அதில் பாதியை யாராவது வாங்கிக்கொண்டிருந்தால்? அம்மா வாங்கியிருப்பார், கேட்டிருந்தால் நானும் வாங்கியிருப்பேன். அந்தக் காலத்தில் கேட்க ஆள் இல்லை. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் நான் சாவு வீட்டுக்குப் போகிறவள் என்று நினைத்து எனக்கு ஒரு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பரணிலிருந்து போசியை இறக்கிக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். வேலை முடிந்து வந்த அவர் அதைப் பார்த்தார். நேரம் வந்ததும் வழக்கம்போல் படியேறினார். நானும் பின்னாலேயே போனேன்.

தொட்டிக்குப் பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு வெளுத்திருந்தது. இத்தனை நாள் அந்த வாயை மோந்து பார்த்தேனே தவிர, முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை.

"கழட்டச் சொல்லப் போறியா?" என்றார்.

"கழட்ட வேண்டாம். ஆனா இனி இங்க வந்து தனியா நிக்கப்படாது. உங்களுக்கே குடிக்கோணும்னு தோணுச்சுன்னா அன்னைக்கே எங்கிட்டச் சொல்லோணும். மறைச்சீங்கன்னா தொலைச்சுப் போடுவேன்."

"சரி," என்றார். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அது உச்சிக்கு ஏறுவது அந்தப் பிடியிலேயே எனக்குத் தெரிந்தது. கீழே தெருவில் கம்பெனி பஸ் ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. எதிர்வீட்டில் குழந்தை வீட்டுப்பாடம் எழுத மாட்டேன் என்று அடம் பிடித்தது. எந்த ஊரோ, எந்த வீடோ, ஆணோ பெண்ணோ, அங்கே ஒருவர் இந்த நேரத்தில் வாசல்வரை போய் நின்றுகொண்டிருக்கிறார். திரும்பி உள்ளே போயிரு சாமி என்று நான் வாய்விட்டே சொன்னேன்.

சட்டென்று நின்றுவிடுமோ என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிற்கவில்லை. பிடி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது.

"மெல்ல எறங்குது கோகிலா," என்றார். "இன்னைக்குத் தப்பிச்சுட்டாங்க."

அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது அரிசிம்பருப்புச் சாதத்தைப் போசி நிறைய அமுக்கிக் கொடுத்தேன், நெய்யும் கூடுதலாக ஊற்றினேன். ஏன் இத்தனை நாள் அனுப்பவில்லை என்று சொல்ல வழியில்லை. சாப்பாடே அதைச் சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதற்கடுத்த தடவை அவர் டாக்டரிடமிருந்து வாங்கி வந்த போசி கனமாக இருந்தது. கறிவேப்பிலையோ நார்த்தங்காயோ என்று மூடியைத் திறந்தேன். உள்ளே அரிசிம்பருப்புச் சாதம். நான் செய்தது இல்லை, அவர்களே செய்தது. எங்கள் ஊர்ச் சாப்பாட்டை வாயில் ருசி பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறார்கள். சின்ன வெங்காயத்தைப் பெரிது பெரிதாக நறுக்கியிருந்தார்கள். மேலே தாராளமாகக் கறிவேப்பிலை.

விளக்குப் போடுகிற நேரம். நேத்ராவையும் கூப்பிட்டு மூன்று பேரும் மாடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். முதல் வாயிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"உப்பு எச்சா இருக்குதும்மா, கரிக்குது," என்றாள் நேத்ரா.

அவர் மென்றுகொண்டே கொஞ்சம் யோசித்தார். அன்றைக்கும் அவருக்கு அந்தத் தாகம் வந்திருந்தது. தட்டைப் பிடித்திருந்த கை லேசாக நடுங்கியது.

"இதே மாதிரி விளக்கு வைக்கற பொழுதோட ஆக்கியிருப்பாங்க," என்றார். "உப்புப் போடறப்பக் கை ஆடியிருக்கும்."

நான் அவர் கையைப் பார்த்தேன், போசியைப் பார்த்தேன். தினமும் குடிக்கத் தோன்றுகிற நேரத்தில் அடுப்பைப் பற்ற வைத்து, நடுங்குகிற கையால் எங்களுக்காக ஒருவர் உப்பு அள்ளிப் போட்டிருக்கிறார். போசியில் ஒட்டியிருந்த பருக்கைகளை வழித்து மூன்று தட்டிலும் போட்டேன்.

"உப்பெல்லாம் சரியாத்தான் இருக்குது, பேசாம சாப்பிடு கண்ணு," என்று நேத்ராவிடம் சொன்னேன். இத்தனை வருஷ வேலையில், பிசகு தெரிந்தும் ஸ்டிக்கர் ஒட்டாமல் நான் பாஸ் பண்ணிய ஒரே பீஸ் அதுதான்.